324 என்ற விடை எங்கிருந்து வந்தது? ஆசிரியர் பயிற்சிப் பாடங்களைப் படிக்கும் முறை

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் முதலாம் ஆண்டில் சேர்ந்திருக்கும் நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: கல்வி உளவியல், கல்வித் தத்துவம், கற்பித்தல் முறைகள், தேர்வும் மதிப்பீடும் என்று தாள் தாளாகப் படிக்க வேண்டியிருக்கிறது, பள்ளியில் பணியாற்றும் மூத்த ஆசிரியர்களோ, "இதெல்லாம் தேர்வு எழுதுவதற்கு மட்டும்தான், வகுப்புக்குள் போனதும் மறந்துவிடலாம்" என்கிறார்கள், அப்படியானால் இந்தப் படிப்பில் மெய்யாகவே கற்றுக்கொள்ள வேண்டியது எது, எதற்கு அதிக நேரம் ஒதுக்க வேண்டும்? இந்தத் தாள்களைப் பல ஆண்டுகள் நடத்தியவன் நான். மாணவ ஆசிரியர்களின் பயிற்சி வகுப்புகளில் கடைசி வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்தவனும்கூட. இந்தக் கேள்வி எனக்கு நெருக்கமானது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மூத்தவர்கள் சொல்வதில் பாதி உண்மை. ஒவ்வொரு தாளையும் தனித்தனியாக, தேர்வு முடிந்ததும் மூடி வைக்கும் புத்தகமாகப் படித்தால் வகுப்பறையில் அது நினைவுக்கு வருவதே இல்லை. மற்றப் பாதியை, ஒரு கணக்கைக் கொண்டு காட்டுவது எனக்கு எளிது.

ஒரு பயிற்சி வகுப்பில் மாணவ ஆசிரியை ஒருவர் கடன் வாங்கிக் கழித்தலை நடத்திக்கொண்டிருந்தார். 403இலிருந்து 127ஐக் கழிக்கச் சொன்னபோது, ஒரு குழந்தை 324 என்று எழுதியிருந்தது. அவர் அதன்மீது பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் 276 என்று எழுதி, "கவனமாகப் போடு" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். அடுத்த கணக்கு 512இலிருந்து 238. அதே குழந்தை 326 என்று எழுதியது. சரியான விடை 274. நான் அந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். குழந்தை கவனக்குறைவாக எதையும் செய்யவில்லை. 3இலிருந்து 7ஐக் கழிக்க முடியாது என்றதும் 7இலிருந்து 3ஐக் கழித்து 4 எழுதியிருக்கிறது. 0க்கும் 2க்கும் அதே முறையில் 2. 4க்கும் 1க்கும் 3. இரண்டாவது கணக்கிலும் ஓர் இலக்கம்கூட அந்த முறையிலிருந்து பிசகவில்லை. "பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும்" என்று ஒன்றாம் வகுப்பிலோ இரண்டாம் வகுப்பிலோ யாரோ சொன்னதை அக்குழந்தை மிகுந்த விசுவாசத்துடன் கடைப்பிடித்திருக்கிறது. கழித்தலில் குழந்தைகள் செய்யும் தவறுகளுக்கு இப்படி ஓர் ஒழுங்கு இருப்பதை ஆய்வாளர்கள் ஜான் சீலி பிரௌனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1978இல் விரிவாக வகைப்படுத்தியிருக்கிறார்கள். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துவிடும் இந்தப் பிழை அந்த வகைகளில் நன்கு அறியப்பட்ட ஒன்று.

இப்போது அந்த ஆசிரியைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். 403 என்பதை 3 நூறுகள், 9 பத்துகள், 13 ஒன்றுகள் என்று பிரித்தெழுத முடியும் என்பதும், "கடன் வாங்குதல்" என்ற சொல்லுக்குப் பின்னால் நடப்பது அந்தப் பிரிப்புதான் என்பதும் பாட அறிவு. பழைய விதியைப் புதிய இடத்துக்கு நீட்டிப் பார்ப்பது குழந்தை மனத்தின் இயல்பு என்பது உளவியல். ஒரே வகைப் பிழை தொடர்ந்து வருகிறதா என்று அறிய, எண்களைத் தேர்ந்தெடுத்து இன்னும் நான்கு கணக்குகள் கொடுப்பது குறையறி தேர்வு. அது மதிப்பீட்டுத் தாளில் இருக்கிறது. குச்சிக் கட்டுகளை அவிழ்த்துக் காட்டுவதா, இட மதிப்புப் பெட்டியை வரைந்து காட்டுவதா என்று முடிவு செய்வது கற்பித்தல் முறைகள். இந்த நான்கும் ஒரு குழந்தையின் நோட்டில் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. "கவனமாகப் போடு" என்ற சொல்லில் அந்த நான்கில் ஒன்றுகூட இல்லை.

எனவே உங்கள் கேள்விக்கு என் பதில்: எந்தத் தாளைப் படித்தாலும், "இந்தக் குழந்தை இப்போது என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது, அதை நான் எப்படி அறிவது?" என்ற கேள்வியோடு படியுங்கள். இந்தக் கேள்விக்கு உதவும் பகுதிகளுக்கு நேரத்தைத் தாராளமாகக் கொடுங்கள். உதவாத பகுதிகளும் பாடத்திட்டத்தில் உண்டு. அவற்றைத் தேர்வுக்குப் போதுமான அளவு படித்தால் போதும்.

முதலில் பாட அறிவு. பட்டம் வாங்கிவிட்டோம், பள்ளிப் பாடம் தெரியாதா என்ற எண்ணத்துடன்தான் பெரும்பாலோர் பயிற்சிக் கல்லூரிக்கு வருகிறார்கள். லிப்பிங் மா என்ற ஆய்வாளர் 1999இல் வெளியிட்ட ஆய்வு இந்த எண்ணத்தை அசைத்துவிட்டது. அவர் அமெரிக்கத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் 23 பேரிடமும் சீன ஆசிரியர்கள் 72 பேரிடமும், ஒன்றேமுக்காலை அரையால் வகுக்கச் சொல்லி, அந்த வகுத்தலுக்குப் பொருந்தும் ஒரு கதைக் கணக்கையும் கேட்டார். சீன ஆசிரியர்கள் அனைவரும் சரியாக வகுத்தனர்; அவர்களில் மிகப் பெரும்பாலோர் பொருத்தமான கதையும் சொன்னார்கள். அமெரிக்க ஆசிரியர்களில் பாதிக்கும் குறைவானோரே விடையைச் சரியாகக் கண்டனர். கதை சொல்வதில் ஏறக்குறைய எல்லாருமே தடுமாறினர். இத்தனைக்கும் படித்த ஆண்டுகளைக் கணக்கிட்டால் அமெரிக்க ஆசிரியர்கள்தான் அதிகம் படித்தவர்கள்.

இந்தக் கணக்கை நீங்களே செய்து பாருங்கள். விடை மூன்றரை. ஆனால் கதை சொல்லும்போது பலரும் "ஒன்றேமுக்கால் மீட்டர் துணியை இருவருக்குச் சமமாகப் பங்கிட்டால்" என்று தொடங்கிவிடுவார்கள். அது இரண்டால் வகுப்பது. அரையால் வகுப்பது ஆகாது. "ஒன்றேமுக்கால் மீட்டர் துணியில் அரை மீட்டர் துண்டுகள் எத்தனை கிடைக்கும்?" என்பதே சரியான கதை: மூன்று முழுத் துண்டுகள், மீதமிருக்கும் கால் மீட்டர் அரைத் துண்டு. "தலைகீழாக்கிப் பெருக்கு" என்ற விதியை மட்டும் அறிந்தவர், வகுத்த பிறகு விடை ஏன் பெரிதாகிறது என்று குழந்தை கேட்கும்போது, "விதி அப்படித்தான்" என்று சொல்வதைத் தவிர வேறு வழியில்லை.

அறிவியலிலும் இதே நிலைதான். செடி தன் உணவை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கிறது என்று குழந்தைகள் நம்புகிறார்கள், மாணவ ஆசிரியர்களிடம், "ஒரு பெரிய மரத்தின் அத்தனை எடையும் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால் அவர்களிலும் கணிசமானோர் மண்ணையே சுட்டுகிறார்கள். ஒளிச்சேர்க்கையின் சமன்பாட்டை எழுதச் சொன்னால் பிழையின்றி எழுதும் அதே கைகள் இவை. வான் ஹெல்மோன்ட் என்பவர் 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். மரம் ஏறத்தாழ 169 பவுண்டு ஆகியிருந்தது. மண்ணில் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ். எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு செய்தார். காற்றிலுள்ள கரியமில வாயுவின் பங்கு அவருக்குத் தெரியவில்லை. 1648இல் அச்சான இந்தச் சோதனையை வகுப்பில் சொல்லி, "அவர் எங்கே சரி, எங்கே தவறு?" என்று கேட்கும் ஆசிரியருக்கு, சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதிப் போடும் ஆசிரியரைவிட ஆழமான ஒரு பாட அறிவு இருக்கிறது. பட்டப்படிப்பு அதைத் தானாகத் தந்துவிடாது.

அமெரிக்கக் கல்வி உளவியலாளர் லீ ஷுல்மன் 1986இல் எழுதியது இதைப் பற்றித்தான். 1875ஆம் ஆண்டின் கலிபோர்னியா ஆசிரியர் தேர்வு வினாத்தாளை அவர் எடுத்துப் பார்த்தார். ஏறக்குறைய முழுவதும் பாட அறிவை மட்டும் சோதிக்கும் கேள்விகள். நூறு ஆண்டுகள் கழித்து வந்த ஆசிரியர் தகுதி அளவுகோல்களிலோ கற்பிக்கும் நடைமுறைகள் நிறைந்திருந்தன, பாடத்தைக் காணோம். பாடம் தெரிந்தவருக்கும் கற்பிக்கத் தெரிந்தவருக்கும் நடுவே மூன்றாவதாக ஓர் அறிவு விடுபட்டுப்போனதை அவர் சுட்டிக்காட்டினார்: ஒரு குறிப்பிட்ட பாடப்பொருளில் குழந்தைகளுக்கு எது கடினம், எந்த முன்கருத்தோடு அவர்கள் வருகிறார்கள், எந்த எடுத்துக்காட்டு அதைத் திறக்கும் என்ற அறிவு. தமிழில் இதைக் கற்பித்தல்சார் பாட அறிவு என்கிறோம். உங்கள் கல்லூரியில் கற்பித்தல் முறைகள் தாள் இதற்குரிய இடம். அந்தத் தாளில் விரிவுரை முறை, செயல்திட்ட முறை, கண்டறி முறை என்று முறைகளின் பெயர்களும் நிறைகுறைகளும் வரிசையாக இருக்கும். அவற்றை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடாதீர்கள். நீங்கள் கற்பிக்கப்போகும் பாடத்தில் பத்துப் பாடப்பொருள்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் குழந்தைகள் வழக்கமாகத் தவறும் இடத்தை எழுதுங்கள். 0.45 ஏன் 0.6ஐவிடப் பெரிதாகத் தெரிகிறது? 45 என்பது 6ஐவிடப் பெரிது என்பதால். கோடைக்காலத்தில் பூமி சூரியனுக்கு அருகில் போகிறது என்று ஏன் தோன்றுகிறது? நெருப்புக்கு அருகில் போனால் சுடும் என்பதால். உண்மையில் பூமி சூரியனை மிக நெருங்குவது சனவரி மாதத் தொடக்கத்தில், ஏறத்தாழ 14.7 கோடி கிலோமீட்டர் தொலைவில். அப்போது வட அரைக்கோளத்தில் குளிர்காலம். குழந்தையின் தவறான விடைக்குள் ஒரு நியாயம் இருப்பதை இப்படிப் பார்க்கப் பழகுவதுதான் அந்தத் தாளின் பயன்.

கல்வி உளவியலுக்கு வருவோம். குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜேயின் நான்கு வளர்ச்சி நிலைகளை வயது வாரியாக அட்டவணை போட்டு எழுதுவதற்கு எல்லாரும் தயாராக இருக்கிறார்கள். அவருடைய ஒரு சோதனையைச் செய்து பார்க்க நான் என் மாணவர்களை முதல் மாதத்திலேயே அனுப்புவது ஐந்து, ஆறு வயதுக் குழந்தை ஒன்றிடம். ஒரே அளவுள்ள இரண்டு குவளைகளில் சம அளவு தண்ணீர் ஊற்றி, "இரண்டிலும் ஒரே அளவுதானா?" என்று கேட்க வேண்டும். குழந்தை ஒப்புக்கொண்ட பிறகு, ஒரு குவளைத் தண்ணீரை அதன் கண்முன்னே ஒல்லியான உயரமான குவளைக்கு மாற்றி, அதே கேள்வியை மீண்டும் கேட்க வேண்டும். உயரமானதில்தான் அதிகம் என்று குழந்தை உறுதியாகச் சொல்வதை நேரில் கேட்டவர் அதை மறப்பதில்லை. ஆனால் அங்கேயே நிறுத்தக் கூடாது. மார்கரெட் டொனால்ட்சனும் ஜேம்ஸ் மெக்காரிகிளும் 1970களில், இரண்டு வரிசைகளில் எண்ணிக்கை ஒன்றா என்று கேட்கும் இதே வகைச் சோதனையில், வரிசையாக அடுக்கியிருந்த வில்லைகளைப் பெரியவர் மாற்றியமைக்காமல், ஒரு குறும்புக்காரக் கரடி பொம்மை கலைத்துவிடுவதுபோல் அமைத்தார்கள். எண்ணிக்கை மாறவில்லை என்று சரியாகச் சொன்ன குழந்தைகள் பெருமளவு கூடிவிட்டார்கள். பெரியவர் ஒன்றைச் செய்துவிட்டு அதே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால், விடையை மாற்றச் சொல்கிறார் போலும் என்று குழந்தை எண்ணிக்கொள்ளலாம். இதை அறிந்த மாணவ ஆசிரியர் இரண்டைக் கற்றுக்கொள்கிறார்: பியாஜே எதைக் கண்டார் என்பதையும், ஆசிரியர் கேள்வி கேட்கும் விதமே குழந்தையின் விடையை மாற்றும் என்பதையும். இரண்டாவது வகுப்பறையில் அன்றாடம் பயன்படும்.

உளவியல் குறிப்புகளில் நம்பத் தகாதவையும் கலந்திருக்கின்றன; இதை வெளிப்படையாகச் சொல்வது என் கடமை என்று கருதுகிறேன். "படிப்பதில் 10 சதவீதம், கேட்பதில் 20 சதவீதம், செய்வதில் 90 சதவீதம் நினைவில் நிற்கும்" என்ற பட்டியலை எட்கர் டேலின் அனுபவக் கூம்பு என்று பல குறிப்பேடுகளில் பார்க்கலாம். டேல் 1946இல் வரைந்த கூம்பில் சதவீதம் எதுவும் கிடையாது. அந்த எண்கள் பின்னாளில் ஒட்டப்பட்டவை. அதேபோல, சிலர் பார்த்துக் கற்பவர், சிலர் கேட்டுக் கற்பவர், சிலர் செய்து கற்பவர், ஒவ்வொருவருக்கும் அவரவர் பாணியில் கற்பித்தால் அதிகம் கற்பார் என்ற கருத்தை ஹரோல்டு பாஷ்லரும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் பரிசீலித்தபோது, அதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. தேர்வில் இவை கேட்கப்பட்டால் பாடநூலில் உள்ளதை எழுதுங்கள். ஆனால் ஒரு குழந்தையின் நெற்றியில் "இவன் பார்த்துக் கற்பவன்" என்று முத்திரை குத்தி, அவனிடமிருந்து வாசிப்பைப் பறித்துவிடாதீர்கள். வரைபடத்தைப் பார்த்துத்தான் புவியியல் கற்க வேண்டும், ஒலியைக் கேட்டுத்தான் உச்சரிப்புக் கற்க வேண்டும். எந்தப் புலன் வழியே கற்பிப்பது என்பதைப் பெரும்பாலும் பாடப்பொருள்தான் தீர்மானிக்கிறது.

நுண்ணிலைக் கற்பித்தலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மாணவ ஆசிரியர்கள் நாடகம் என்று சலித்துக்கொள்ளும் பகுதி அது. 1963 வாக்கில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலன் முதலியோர் உருவாக்கிய முறை இது: ஒரு சில மாணவர்கள், ஐந்து முதல் பத்து நிமிடம், ஒரே ஒரு கற்பித்தல் திறன், கற்பித்தல், பின்னூட்டம், திருத்தி மீண்டும் கற்பித்தல். சக மாணவர்களே குழந்தைகளாக அமர்வதால் அவர்கள் எப்போதும் சரியான விடையையே சொல்லிவிடுகிறார்கள் என்பது இதன் பெருங்குறை. நான் என் வகுப்பில், குழந்தையாக அமர்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பிழைக்கருத்தைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவேன். "பூமி சூரியனுக்கு அருகே போவதால்தான் கோடை" என்ற சீட்டை வைத்திருப்பவர் அதை விட்டுக்கொடுக்காமல் வாதாட வேண்டும். அதன் பிறகு அந்த ஐந்து நிமிடம் நாடகமாக இருப்பதில்லை.

திறன்களுள் முதலில் பயில வேண்டியது எது என்று கேட்டால், கேள்வி கேட்ட பிறகு காத்திருப்பது என்பேன். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு விடைக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு நொடி அளவே என்பதை மேரி பட் ரோ கண்டறிந்து 1970களில் வெளியிட்டார். அதை மூன்று நொடி அல்லது அதற்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன. "தெரியாது" என்ற பதில் குறைந்தது. வழக்கமாக வாய் திறக்காத மாணவர்களும் பேசினார்கள். கேட்பதற்கு மிக எளிது, செய்வதற்கு அப்படியில்லை. ஒரு மாணவ ஆசிரியரின் வகுப்பில் நான் கடிகாரத்தை வைத்துக்கொண்டு குறித்தேன். "நீராவி குளிர்ந்தால் என்ன ஆகும்?" என்று கேட்டார், மூச்சு விடுவதற்குள் முதல் வரிசையில் கை தூக்கியவரின் பெயரைச் சொன்னார், விடை வந்ததும் "சரி" என்று அடுத்த கேள்விக்குத் தாவினார். நாற்பது நிமிடத்தில் பேசியவர்கள் மொத்தம் ஆறு பேர். அறுவரும் முதல் இரண்டு வரிசையினர். மறுநாள், கேள்வி கேட்டதும் மனத்துக்குள் மெதுவாக நான்கு வரை எண்ணும்படி சொன்னேன். அந்த மௌனம் தமக்குத் தாங்க முடியாததாக இருந்தது என்றார். ஆனால் மூன்றாவது கேள்வியில், சுவரோரம் அமர்ந்திருந்த ஒரு சிறுமி கை தூக்கி, "குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய டம்ளருக்கு வெளியே வியர்ப்பது அதுதானா?" என்று கேட்டாள். முந்தைய நாள் அவளுக்கு அதைக் கேட்க நேரம் கிடைத்திருக்காது.

பாடக்குறிப்பு எழுதுவதுதான் இந்தப் படிப்பில் மிக அதிகமாகத் திட்டு வாங்கும் வேலை; நாற்பது, ஐம்பது பாடக்குறிப்புகளைக் கட்டம் போட்டு எழுதிக் கை ஓய்ந்தவர்களின் அலுப்பு எனக்குப் புரிகிறது. இதன் மூலத்தைத் தேடினால் ஹெர்பார்ட் என்ற ஜெர்மானிய அறிஞரிடம் போய் நிற்கும். 1841இல் மறைந்த அவருடைய கருத்துகளை வளர்த்தெடுத்த சீடர்கள் ஆயத்தம், எடுத்துரைத்தல், ஒப்பிடல், பொதுமையாக்கல், பயன்படுத்தல் என்று ஐந்து படிகளாக வகுத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளில் அது பரவலாகி, இன்றும் பல பாடக்குறிப்புப் படிவங்களில் எலும்புக்கூடாக நிற்கிறது. அதில், முன்பு அறிந்ததோடு புதியதை இணைக்க வேண்டும் என்ற மையக் கருத்து இன்றும் சரியானதே. பிழை நேர்வது படிவத்தின் ஒரு பத்தியில்: "மாணவர் செயல்" என்ற பத்தியில் எல்லாரும் "மாணவர்கள் கவனிக்கின்றனர்", "மாணவர்கள் விடையளிக்கின்றனர்" என்று எழுதி நிரப்பிவிடுகிறார்கள். ஜப்பானியப் பள்ளிகளில் நெடுங்காலமாக நடந்துவரும் பாட ஆய்வு முறையில், ஆசிரியர்கள் பலர் கூடி ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்த, மற்றவர்கள் குழந்தைகளை உற்றுநோக்குவார்கள். அவர்களுடைய திட்டத்தில், மாணவர் சொல்லக்கூடிய விடைகள், தவறானவை உட்பட, முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொன்றையும் ஆசிரியர் எப்படி எதிர்கொள்வார் என்பதும் இருக்கும். ஐம்பது பாடக்குறிப்புகளில் ஐந்தையாவது நீங்கள் இப்படி எழுதுங்கள். படிவத்தை மாற்றத் தேவையில்லை. அந்த ஒரு பத்தியை மெய்யாக நிரப்பினால் போதும்.

மதிப்பீட்டுத் தாளில் சராசரி, திட்ட விலக்கம், வினாத்தாள் திட்டவரைவு ஆகியவற்றுக்கு இடம் அதிகம், அவை தேவையானவையே. ஆயினும் நோட்டைத் திருத்துவது எப்படி என்று அந்தத் தாள் பெரும்பாலும் சொல்வதில்லை. ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழு மாணவர்களுக்கு மதிப்பெண் மட்டும், மற்றொரு குழுவுக்குக் குறிப்புரை மட்டும், மூன்றாவது குழுவுக்கு இரண்டும் தரப்பட்டன. அடுத்த பணியில் முன்னேற்றம் கண்டது குறிப்புரை மட்டும் பெற்ற குழு. மதிப்பெண்ணும் சேர்ந்து வந்தபோது குறிப்புரையின் பயன் மறைந்துபோயிற்று. எண்ணைப் பார்த்த கண் எழுத்தைப் படிக்கவில்லை என்று கொள்ளலாம். எல்லா நோட்டிலும் மதிப்பெண் போடாமல் இருக்க உங்கள் பள்ளி அனுமதிக்காமல் போகலாம். வாரம் ஒரு பணியையாவது மதிப்பெண் இன்றி, "இரண்டாவது வரியில் பத்தை எங்கே விட்டாய் என்று பார்" என்பது போன்ற, செய்து பார்க்கக்கூடிய ஒரு குறிப்புடன் திருப்பிக் கொடுக்கலாம். வளரறி மதிப்பீடு என்ற பெரிய சொல்லின் பொருள் நடைமுறையில் இதுதான்.

கல்வித் தத்துவத்தின் பயன் உடனே புலப்படாது. அதைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு உதவும். பள்ளிப் படிப்பை முடிக்கும் ஒருவர் ஏறத்தாழ 13,000 மணி நேரம் ஆசிரியர்களைக் கவனித்தபடி அமர்ந்திருக்கிறார் என்று சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975இல் எழுதினார். வேறெந்தத் தொழிலுக்கும் இப்படி ஒரு முன்பயிற்சி கிடையாது. ஆனால் மாணவர் பார்ப்பது மேடைக்கு முன்னால் நடப்பதை மட்டும். ஆசிரியர் ஏன் அந்த எடுத்துக்காட்டைத் தேர்ந்தெடுத்தார், எதைக் கைவிட்டார், எந்தக் குழந்தைக்காகக் கேள்வியை மாற்றினார் என்பதெல்லாம் அவர் கண்ணில் படுவதில்லை. அதனால்தான் ஓராண்டோ ஈராண்டோ பயிற்சி பெற்றவர், முதல் நெருக்கடியிலேயே தம் பழைய ஆசிரியரின் குரலில் பேசத் தொடங்கிவிடுகிறார். "கவனமாகப் போடு" என்று சொன்ன அந்த ஆசிரியை, பின்னர் என்னிடம், தமக்கு மூன்றாம் வகுப்பில் அப்படித்தான் சொல்லப்பட்டது என்றார். பள்ளிக்கூடம் எதற்காக இருக்கிறது, குழந்தை யார், எதைச் சரி என்று எடுத்துக்கொள்கிறோம் என்று கேட்கும் தத்துவத் தாள், அந்த 13,000 மணி நேரத்தை வெளியே எடுத்து வைத்துப் பார்க்கும் வாய்ப்பு. அறிஞர்களின் பிறப்பு இறப்பு ஆண்டுகளோடு நில்லாமல், நீங்கள் படித்த பள்ளியின் ஒரு நாளை இரண்டு பக்கம் எழுதி, அந்த நாளைக் கல்வித் தத்துவ அறிஞர்களான ரூசோ பார்த்திருந்தால் எதைக் கண்டித்திருப்பார், டூயி பார்த்திருந்தால் எதைக் கேட்டிருப்பார் என்று எழுதிப் பாருங்கள்.

கற்பித்தல் பயிற்சிக்கு எவ்வளவு காலம் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அதிகம் இருந்தால் நல்லது என்பதே பொதுவான எண்ணம். டூயி 1904இல் எழுதிய கட்டுரை ஒன்றில் வேறொரு எச்சரிக்கை இருக்கிறது. மாணவ ஆசிரியரை மிக விரைவில் முழு வகுப்பின் பொறுப்பில் விட்டால், அவர் கவனம் முழுவதும் வகுப்பை அடக்குவதில் போய்விடும். குழந்தையின் மனம் எப்படி இயங்குகிறது என்று பார்க்கும் பழக்கமே உண்டாகாது. அடக்கத் தெரிந்ததும் கற்பிக்கத் தெரிந்துவிட்டதாக அவர் எண்ணிக்கொள்வார் என்பது அதன் சாரம். என் அனுபவமும் அதுவே. ஆகவே உற்றுநோக்கல் வாரங்களை வீண் என்று கருதாதீர்கள். பின்வரிசையில் அமர்ந்து ஆசிரியர் என்ன செய்கிறார் என்று எழுதிக்கொண்டிருப்பதற்குப் பதிலாக, ஒரே ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுத்து ஒரு பாடவேளை முழுவதும் அக்குழந்தை என்ன செய்தது என்று நிமிடவாரியாக எழுதுங்கள். எப்போது எழுதியது, எப்போது பக்கத்து நோட்டைப் பார்த்தது, எந்தச் சொல்லில் முகம் மாறியது என்று. முதல் முறை எழுதும்போது கை தடுமாறும். நான்காவது முறையில், வகுப்பு என்பது நாற்பது வெவ்வேறு வகுப்புகள் என்பது கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளைப் பற்றிய தாளும் இந்தப் பயிற்சிக்குப் பிறகுதான் உயிர் பெறுகிறது. குறைபாடுகளின் வகைப்பாட்டைக் காட்டிலும், பலகையை நகல் எடுப்பதில் ஒவ்வொரு முறையும் இரண்டு வரி பின்தங்கும் ஒரு குழந்தையைக் கண்டுபிடிக்கும் கண்தான் முதலில் தேவை. கல்வித் தொழில்நுட்பத் தாளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கருவிகள் மாறிக்கொண்டே இருக்கும், தேவைப்படும்போது ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

உங்களிடம் "மறந்துவிடலாம்" என்று சொன்ன அந்த மூத்த ஆசிரியரை விட்டு விலக வேண்டாம். பயிற்சிக் காலத்தில் குழந்தை எழுதிய ஒரு தவறான விடையை எடுத்துக்கொண்டு அவரிடம் போங்கள். "இது ஏன் தவறு?" என்று கேட்டால் சரியான விடையைச் சொல்லி அனுப்பிவிடுவார். "இந்தப் பிள்ளை ஏன் இப்படி எழுதியிருக்கும்?" என்று கேளுங்கள். இருபது ஆண்டுகள் நோட்டுத் திருத்தியவரிடம் அதற்கு விடை இருக்கும்; எந்த வகுப்பில் அந்தப் பழக்கம் தொடங்குகிறது, எந்தப் பிள்ளைகளிடம் நிலைத்துவிடுகிறது, தாம் எதைச் செய்து பார்த்துப் பலிக்கவில்லை என்பதையெல்லாம் சொல்வார். அதைக் குறித்துக்கொண்டு வந்து உங்கள் உளவியல் நூலையும் கற்பித்தல் முறைகள் நூலையும் புரட்டுங்கள். அவர் சொன்னதற்கு எங்கே பெயர் வைத்திருக்கிறார்கள் என்று தேடுங்கள். கழித்தல் கணக்கு நடத்திய அந்த ஆசிரியை அப்படித்தான் செய்தார். மறுநாள் குச்சிக் கட்டுகளோடு வந்து, 403ஐ மேசையில் பரப்பினார். குழந்தை நான்கு நூறுகளையும் மூன்று குச்சிகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நடுவில் ஒன்றுமே இல்லையே, யாரிடம் வாங்குவது?" என்று கேட்டது. அவர் விடை சொல்லாமல், ஒரு நூறுக் கட்டின் கயிற்றை அவிழ்க்கும்படி அதன் கையிலேயே கொடுத்தார்.